சோற்றைத் தண்ணீரோடு விழுங்கிய பயணி

ஏறக்குறைய 680 ஆண்டுகளுக்கு முன்னர் நம் கடற்கரைக்கு வந்த ஒரு மனிதர், நம் சோற்றைக் கண்டு சலித்துப்போனார். மலபார், மாலத்தீவு, இலங்கை, மாபர் என்று அரபியர் அழைத்த தமிழகக் கடற்கரை ஆகிய நாடுகளில் அவர் மொத்தம் மூன்றாண்டுகள் சோற்றையே உண்டு வாழ்ந்தார். இறுதியில் தண்ணீர் குடித்தாலன்றிச் சோறு தொண்டைக்குள் இறங்காத நிலைக்கு வந்துவிட்டதாக அவரே தம் பயண நூலில் பதிவு செய்திருக்கிறார்.

அவர் பெயர் இப்னு பதூதா. மொரோக்கோவின் தன்ஜா நகரில் 1304ஆம் ஆண்டு பிறந்தவர். மாலிகி மத்ஹபின் சட்டம் பயின்றவர். 1325ஆம் ஆண்டு, தம் 21ஆம் வயதில், ஹஜ்ஜை நாடித் தனியாக வீட்டை விட்டுப் புறப்பட்டார். நாட்டுக்குத் திரும்ப ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆயிற்று. அதன் பின்னரும் ஸஹாராப் பாலைவனத்தைக் கடந்து மாலிப் பேரரசுக்குச் சென்று வந்தார். அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் என்னும் எழுத்தாளர் தொகுத்த ‘ரிஹ்லா’ 1355ஆம் ஆண்டு நிறைவுற்றது.

அந்நூலை அரசர்களையும் போர்களையும் அறிந்துகொள்வதற்காகப் பலர் படிப்பர். ஆயினும் ஊர் ஊராக என்ன உண்டார், எதை விரும்பினார், எதைக் கண்டு முகம் சுளித்தார் என்பதையும் அவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பிவிட்டு, தொலைபேசியில் முதற்கேள்வியாக “சாப்பிட்டாயா?” என்று கேட்கும் நம் குடும்பங்களுக்கு, நூலின் இப்பகுதி நெருக்கமானது.

நபிவழி காட்டும் அளவுகோல்

பயணியின் உணவைப் பேசுமுன் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்வது நலம். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள அறிவிப்பு அது. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் நபி (ஸல்) அவர்களின் முன்னால் சுட்ட உடும்பு இறைச்சி வைக்கப்பட்டது. கையை நீட்டிய நபியவர்கள், அது இன்ன இறைச்சி என்று அறிவிக்கப்பட்டதும் கையை எடுத்துக்கொண்டார்கள். உடனிருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்கள், இது ஹராமா என்று வினவினார்கள். ஹராம் இல்லை என்றும், தம் சமூகத்தார் வாழும் நிலத்தில் அது இல்லாததால் தமக்கு மனம் ஒப்பவில்லை என்றும் நபியவர்கள் விளக்கினார்கள். காலித் (ரலி) அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உடும்பு உண்பது பற்றி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. இங்கே நம் கவனத்துக்குரியது, அந்த ஒரே விருந்தில் நபியவர்கள் இரண்டு செய்திகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்த பாங்கு. மார்க்கம் தடுத்தது வேறு. மனம் ஒப்பாதது வேறு. மனம் ஒப்பாததை அவர்கள் உண்ணவில்லை. அதற்காக அதனை ஹராம் என்று சொல்லவுமில்லை, உண்பவரைத் தடுக்கவுமில்லை, உணவை இழித்துரைக்கவுமில்லை. எந்த உணவையும் அவர்கள் ஒருபோதும் குறை கூறியதில்லை, விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்பதும் ஆதாரபூர்வமான அறிவிப்பே.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு இப்னு பதூதாவின் பயணத்தைப் பார்த்தால், அவர் எங்கே வென்றார், எங்கே தவறினார் என்பது விளங்கும்.

மொகதிஷுவின் மரத்தட்டு

1331ஆம் ஆண்டளவில் கிழக்கு ஆப்பிரிக்காவின் மொகதிஷு துறைமுகத்தில் அவர் இறங்கினார். மார்க்கம் கற்றவர் என்று அறிந்ததும் ஊர்க் காழியே எதிர்கொண்டு அழைத்துச் சென்றார். வெற்றிலையும் பாக்கும் பன்னீரும் ஆட்சியாளரிடமிருந்து வந்தன. பின்னர் ஒரு பெரிய மரத்தட்டில் நெய்ச்சோறு வந்தது. அதன்மேல் கோழி, இறைச்சி, மீன், காய்கறி ஆகியவற்றாலான குழம்பு வகைகள். பாலில் வேகவைத்த வாழைக்காய் ஒரு கிண்ணத்தில். தயிர் மற்றொரு கிண்ணத்தில். ஊறவைத்த எலுமிச்சை, மிளகுக் கொத்து, பச்சை இஞ்சி, மாங்காய் ஆகியவையும் இருந்தன.

காயல்பட்டினத்துச் சஹன் விருந்தில் அமர்ந்தவருக்கு இந்தக் காட்சி புதிதாகத் தோன்றாது. ஒரே கடலின் காற்றில் கப்பலோட்டியவர்கள் ஒரே வகைச் சோற்றையும் ஊறுகாயையும் வெற்றிலையையும் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அவருக்கோ இவற்றுள் பல புதியவை. ஒவ்வொன்றையும் எப்படி உண்பது என்று கேட்டறிந்து எழுதினார். அவ்வூரார் ஒருவர் உண்ணும் அளவு தம் ஊரில் ஒரு கூட்டத்துக்கே போதுமானது என்று வியக்கவும் தவறவில்லை.

குதிரைப்பாலும் இனிப்புத் தட்டும்

அடுத்துச் சில ஆண்டுகளில், கருங்கடலுக்கு வடக்கே பரந்து கிடந்த புல்வெளி நாட்டுக்கு அவர் சென்றார். தங்கப்படை என்று வரலாற்றாசிரியர்கள் குறிக்கும் அப்பேரரசை இஸ்லாத்தைத் தழுவியிருந்த உஸ்பெக் கான் ஆண்டுவந்தார். அங்கே ரொட்டி வழக்கமான உணவன்று. சிறுதானியத்தைக் கொதிநீரில் இட்டு, சிறு இறைச்சித் துண்டுகள் சேர்த்துக் காய்ச்சி, மேலே தயிர் ஊற்றிக் குடிப்பார்கள். குதிரை இறைச்சி உண்பார்கள். அதன்பின் ‘குமிஸ்’ எனப்படும் புளிக்கவைத்த குதிரைப்பால் வரும். குதிரை இறைச்சி பற்றியும் இப்பானம் பற்றியும் சட்ட அறிஞர்களிடையே அன்றே கருத்து வேறுபாடுகள் இருந்தன.

கானின் முதன்மை அரசியான தைதுக்லீ, தம் கையாலேயே குமிஸ் கிண்ணத்தை எடுத்து விருந்தினரிடம் நீட்டினார். அந்நாட்டில் அதைவிடப் பெரிய மரியாதை வேறில்லை. இப்னு பதூதா அதுவரை அதனை அருந்தியதில்லை, மறுக்கவும் வழியில்லை. ஒருவாய் சுவைத்தார், பிடிக்கவில்லை, தம் தோழர் ஒருவரிடம் கிண்ணத்தைத் தந்துவிட்டார்.

இதன் மறுபக்கம் இன்னும் சுவையானது. ரமளான் மாதத்தில் ஓர் இரவு, தம் தோழர் ஒருவர் செய்த இனிப்பை ஒரு தட்டில் வைத்துக் கானுக்குப் படைத்தார் இப்னு பதூதா. கான் ஒரு விரலால் தொட்டு வாயில் வைத்தார், அதற்குமேல் தீண்டவில்லை. இனிப்பு உண்பதை அம்மக்கள் தங்களுக்கு இழுக்காகக் கருதினார்கள். இவ்வினிப்பை உண்டால் உன்னையும் உன் குடும்பத்தார் அனைவரையும் விடுதலை செய்கிறேன் என்று கான் சொன்னபோதும், கொன்றாலும் உண்ணேன் என்று மறுத்த ஓர் அடிமையின் கதையையும் அவர் கேட்டறிந்தார்.

அரசியின் கிண்ணத்தில் இவர் சுவைத்தது ஒருவாய். இவருடைய தட்டில் கான் சுவைத்தது ஒரு விரல்நுனி. இருவரும் ஒருவர் உணவை ஒருவர் பழிக்கவில்லை. விருந்தோம்பலை ஏற்றார்கள், நாவுக்கு ஒவ்வாததை விட்டார்கள்.

முயலைக் கொண்டு ஒரு சோதனை

உணவு சில நேரங்களில் சாட்சியாகவும் ஆகிவிடும். அதே காலகட்டத்தில், இன்றைய துருக்கியின் சினோப் நகரில் நடந்தது இது. அங்குள்ளோர் ஹனஃபி மத்ஹபினர். இப்னு பதூதாவும் தோழர்களும் மாலிகி வழக்கப்படி கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டுத் தொழுவதைக் கண்டு, இவர்கள் ஷியாப் பிரிவினரோ என்று ஐயுற்றார்கள். விளக்கம் சொல்லியும் ஐயம் முழுதாகத் தீரவில்லை. இறுதியில் ஆட்சியாளரின் பிரதிநிதி ஒரு முயலை அனுப்பிவைத்தார். அதை என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவர ஓர் ஆளும் உடன் வந்தார். ஷியாக்கள் முயல் உண்பதில்லை என்பதே காரணம். பயணிகள் அதனை அறுத்துச் சமைத்து உண்டார்கள். ஐயம் நீங்கியது, உபசரிப்புத் தொடங்கியது.

ஒருவர் தட்டைப் பார்த்து அவர் யார் என்று தீர்ப்பளிக்கும் வழக்கம் எவ்வளவு பழமையானது என்பதை இச்சிறு நிகழ்ச்சி காட்டுகிறது. அன்று தட்டு இப்னு பதூதாவுக்குச் சாதகமாயிற்று. பின்னொரு நாள் அவரே இன்னொருவர் கிண்ணத்தைப் பார்த்து அத்தகைய தீர்ப்பை வழங்கப்போகிறார்.

நம் சோறும் புளியும்

தில்லியில் முஹம்மது பின் துக்ளக்கின் ஆட்சியில் அவர் காழியாகப் பணியாற்றினார். பாசிப்பயற்றையும் அரிசியையும் சேர்த்துச் சமைத்து நெய்யோடு உண்ணும் ‘கிச்சிரி’யைக் கண்டு, தம் நாட்டு ஹரீராக் கஞ்சியைப் போல இங்குள்ளோர் இதைக் காலை உணவாகக் கொள்கிறார்கள் என்று எழுதினார். புதியதை அறிந்த ஒன்றோடு ஒப்பிட்டு ஏற்றுக்கொள்வது அயல்நாட்டில் வாழ்வோர் அனைவரும் கைக்கொள்ளும் வழிதானே.

தென்னகக் கடற்கரைக்கு வந்தபோது ரொட்டி முற்றிலும் மறைந்தது. இன்றைய கருநாடகக் கரையிலுள்ள ஹொன்னாவரில் ஆட்சியாளர் ஜமாலுத்தீனின் விருந்தினராகப் பதினொரு மாதங்கள் தங்கினார். அத்தனை மாதங்களிலும் ரொட்டியைக் காணவில்லை. அங்குப் பரிமாறப்பட்ட முறையை அவர் வரிசையாகச் சொல்கிறார். முதலில் சோறு, மேலே நெய், பக்கத்தில் மிளகு, இஞ்சி, எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய்கள். ஒரு கவளம் உண்டு ஊறுகாயைத் தொட்டுக்கொள்வார்கள். பிறகு மீண்டும் சோறு, கோழி. மீண்டும் சோறு, மீன். மீண்டும் சோறு, காய்கறி. கடைசியில் தயிர். தயிர் வந்துவிட்டால் இனி வேறு எதுவும் வராது என்று அறிந்துகொள்ளலாம் என்கிறார். நம் வீட்டு விருந்தின் ஒழுங்கை ஓர் அயலாரின் கண்ணால் பார்க்கும்போது புன்னகை வருகிறது.

1343ஆம் ஆண்டு மாலத்தீவை அடைந்து அங்கும் காழியானார். தென்னையிலிருந்து பாலும் எண்ணெயும் தேன்போன்ற பாகும் எடுக்கப்படுவதைக் கண்டு வியந்தார். தேங்காய் மனிதத் தலையைப் போன்றிருக்கிறது, கண்களும் வாயும் உள்ளன, நார் முடியைப் போலிருக்கிறது என்று வருணித்தார். சிவந்த தசையுடைய ஒரு மீனை வேகவைத்து, புகையில் உலர்த்தி, இந்தியாவுக்கும் சீனத்துக்கும் யெமனுக்கும் ஏற்றுமதி செய்ததையும் குறித்தார். அம்மக்களின் மொழியில் ‘மாஸ்’ என்றால் மீன். நம் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் சம்பலுக்கு இடித்துப் போடும் மாசி அதுவேதான்.

1344ஆம் ஆண்டு இலங்கைக்குச் சென்று பாவாத மலையைத் தரிசித்துவிட்டு, மாபரை நோக்கிக் கப்பலேறினார். கரையை நெருங்கும்போது கப்பல் சேதமுற்றுத் தப்பினார். மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியின் துணைவியும் இவர் தில்லியில் மணந்த மனைவியும் உடன்பிறந்தவர்கள் என்பதால் வரவேற்புக் கிடைத்தது. ஆனால் மதுரையில் அப்போது கொள்ளைநோய் பரவியிருந்தது. இவரையும் கடுங்காய்ச்சல் பற்றியது. இறந்துவிடுவோம் என்றே எண்ணினார். அவ்வூரில் புளி ஏராளம். அல்லாஹ் தம் உள்ளத்தில் உதிக்கச் செய்தான் என்று சொல்லி, ஏறத்தாழ ஒரு ராத்தல் புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாட்கள் வயிறு போயிற்று, பின்னர் நலமடைந்தார்.

அரபியர் புளியை ‘தம்ர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை, என்றே அழைத்தார்கள். சோற்றால் சலித்த மனிதருக்கு அதே மண்ணின் புளி உயிர்காக்கும் மருந்தாயிற்று. ஆயினும் மதுரை அவருக்குப் பிடிக்கவில்லை. அங்கிருந்து விரைந்து வெளியேறினார்.

சீனத்தில் கண்ணீர்

சீனத்தின் செழிப்பையும் அங்குள்ள பாதுகாப்பையும் அவர் மிகவும் புகழ்கிறார். அப்படியும் அந்நாட்டில் அவர் மனம் ஒட்டவில்லை. பன்றி இறைச்சியும் நாய் இறைச்சியும் சந்தையில் விற்கப்பட்டன. வெளியே சென்றால் மனம் வருந்துவதால், தேவையின்றி வீட்டை விட்டுப் புறப்படுவதில்லை என்கிறார். முஸ்லிம் ஒருவரைக் கண்டுவிட்டால் சொந்த உறவினரைக் கண்டதுபோல் இருந்ததாம்.

இங்கே பேசப்படுவது சுவையன்று. ஹராம் என்னும் எல்லை. அந்த எல்லையை அவர் தளர்த்தவில்லை. ஆனால் அதன் விலை தனிமை. இப்படியிருக்கையில் ஒரு நாள், மொரோக்கோவின் ஸப்தா நகரைச் சேர்ந்த அல்புஷ்ரீ என்பவர் அவரைத் தேடி வந்தார். தன்ஜாவுக்குப் பக்கத்து ஊர்க்காரர். பேச்சில் ஊர் தெரிந்ததும் அவர் அழுதார், இவரும் அழுதார். அயல்நாட்டுத் தெருவில் திடீரெனத் தமிழ்க்குரல் கேட்டுத் திரும்பிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண்ணீர் புரியும்.

மாலியின் கிண்ணம்

1352ஆம் ஆண்டு தொடக்கத்தில், அந்த அல்புஷ்ரீயின் உடன்பிறந்தவருடைய ஊரான ஸிஜில்மாஸாவிலிருந்து ஸஹாராவைக் கடக்கப் புறப்பட்டார். இரண்டு மாதங்களுக்குப் பின் மாலிப் பேரரசின் எல்லை நகரான வலாத்தாவை அடைந்தார். அங்குள்ள அதிகாரி வணிகர்களை விருந்துக்கு அழைத்தார். அரைச் சுரைக்குடுவையில், இடித்த கம்பைச் சிறிது தேனும் பாலும் கலந்து கொடுத்தார்கள். குடித்துவிட்டு வெளியே வந்த இப்னு பதூதா, இதற்காகவா நம்மை அழைத்தார்கள் என்று கேட்டார். ஆம், இவர்களிடம் இதுவே மிகப் பெரிய விருந்து என்று விடை வந்தது.

அந்நேரமே, இம்மக்களிடமிருந்து எந்த நன்மையையும் எதிர்பார்ப்பதற்கில்லை என்று அவர் முடிவு கட்டினார். ஹஜ் பயணிகளோடு திரும்பிவிடவும் எண்ணினார். குமிஸ் கிண்ணத்தை நாகரிகமாக வாங்கிக்கொண்டவர். சோற்றை மூன்றாண்டுகள் பொறுத்தவர். உலகம் சுற்றி முதிர்ந்தவர். அப்படிப்பட்டவரே ஹலாலான ஒரு கிண்ணக் கூழைக் கொண்டு ஒரு நாட்டையே அளந்துவிட்டார். பாலைவனத்துக்கு அப்பால் தேனும் பாலும் எவ்வளவு அரியவை என்பதை அப்போது அவர் எண்ணிப்பார்க்கவில்லை.

நல்வாய்ப்பாக, அரசரின் தலைநகரைக் கண்டுவிட்டே திரும்புவோம் என்று மனத்தை மாற்றிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். தலைநகரை அடைந்த பத்து நாட்களில் இன்னொரு சோதனை. சேப்பங்கிழங்கு போன்ற ஒரு கிழங்கினால் ஆன களியை உண்டார்கள். அது அந்நாட்டார் பெரிதும் விரும்பும் உணவு. உண்ட ஆறு பேரும் நோயுற்றார்கள், ஒருவர் இறந்தார். இப்னு பதூதா ஃபஜ்ர் தொழுகையிலேயே மயங்கி விழுந்தார். எகிப்தியர் ஒருவர், ஒரு தாவர வேரைச் சோம்பும் சர்க்கரையும் சேர்த்துத் தண்ணீரில் கலந்து கொடுத்தார். உண்டதெல்லாம் வெளியேறியது, உயிர் பிழைத்தார். இரண்டு மாதங்கள் படுக்கை.

நலமான பின்னர், சுல்தானின் விருந்துப்பரிசு வருகிறது என்ற சொல் கேட்டு எழுந்து நின்றார். பட்டாடையும் பொற்காசும் வரும் என்று நினைத்தார். வந்தவை மூன்று ரொட்டிகள், எண்ணெயில் பொரித்த ஒரு துண்டு மாட்டிறைச்சி, ஒரு சுரைக்குடுவை தயிர். அவர் சிரித்துவிட்டார். அயல்நாட்டாருக்கு மனமார உணவளிப்பதே விருந்தோம்பல் என்று கருதிய மக்கள், நோயிலிருந்து எழுந்தவருக்கு ரொட்டியும் தயிரும் அனுப்பியிருக்கிறார்கள். அதன் பொருள் அவருக்குப் பிடிபடவில்லை.

ஆயினும் ஏறக்குறைய எட்டு மாதங்கள் அந்நாட்டில் தங்கி, கண்டதைக் கண்டபடியே அவர் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரை நாம் மதிக்க வேண்டும். அம்மக்களைப்போல அநீதியை வெறுப்பவர் அரிது என்றார். வழிப்பயணிக்குத் திருடன் பயம் இல்லை. அயல்நாட்டார் இறந்துபோனால் அவருடைய பொருளில் எவரும் கைவைப்பதில்லை. உரியவரிடம் சேரும்வரை நம்பிக்கையானவரிடம் காக்கப்படும். வெள்ளிக்கிழமை முன்கூட்டியே சென்றாலன்றிப் பள்ளிவாசலில் இடம் கிடைக்காது. ஒரே ஒரு பழைய சட்டை வைத்திருப்பவரும் அதைத் துவைத்து வெண்மையாக உடுத்தி ஜும்ஆவுக்கு வருவார். குர்ஆனை மனனம் செய்விப்பதில் பெற்றோர் காட்டிய கண்டிப்பையும் வியந்து எழுதினார். அவர்களில் பலர் செத்தவற்றையும் நாயையும் கழுதையையும் உண்பதை, தாம் வெறுத்த பழக்கங்களின் பட்டியலில் தெளிவாகவே சேர்த்தார். மார்க்கத்தின் எல்லையையும் மறக்கவில்லை. மக்களின் நற்பண்பையும் மறைக்கவில்லை.

வலாத்தாவின் அந்தக் கிண்ணத்தோடு அவர் திரும்பியிருந்தால், இச்சாட்சியம் எதுவும் நமக்குக் கிடைத்திராது. 14ஆம் நூற்றாண்டு மாலியை நேரில் கண்டு விரிவாக எழுதிய பயண நூல் இன்று நம்மிடம் இது ஒன்றே. ஒரு கிண்ணக் கூழின்மீது ஏற்பட்ட அலட்சியம், ஒரு முஸ்லிம் நாட்டின் வரலாற்றையே நாம் இழக்கும்படி செய்திருக்கக்கூடும்.

நம் வீட்டுக்கான பாடம்

இன்று நம் பிள்ளைகள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் வாழ்கிறார்கள். அவர்களுக்கு நாம் முதலில் சொல்லி அனுப்புவது ஹலால் பற்றிய எச்சரிக்கை. அது தேவையானது. பொருட்களின் பட்டியலைப் படிக்கவும், தெரியாததைக் கேட்டறியவும், ஐயமானதை விட்டுவிடவும் அவர்கள் பழகத்தான் வேண்டும். ஆனால் அத்தோடு இன்னொன்றையும் சொல்லி அனுப்ப வேண்டும்: ஹலாலான உணவு பிடிக்கவில்லை என்றால், அது உன் நாவின் செய்தி, அதை உண்பவரின் குறை அன்று. மெல்ல மறுக்கலாம். ஒருவாய் சுவைத்துப் பார்க்கலாம். பழிக்க மட்டும் கூடாது.

அயல்நாட்டுக்குப் போகாதவர்களுக்கும் இதில் பங்குண்டு. வட மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் இன்று நம் ஊர்க் கட்டுமானப் பணிகளிலும் உணவகங்களிலும் உழைக்கிறார்கள். அவர்களுள் முஸ்லிம் சகோதரர்களும் உண்டு. நம் பள்ளிவாசல் வரிசையில் நம்மோடு தோளொட்டி நிற்கிறார்கள். ரொட்டிக்குப் பழகிய அவர்களில் சிலர், 1344இல் அந்த மொரோக்கோப் பயணி செய்ததைப்போல, நம் சோற்றைத் தண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருக்கக்கூடும். வரும் ரமளானில் நோன்புக் கஞ்சியோடு இரண்டு ரொட்டிகளையும் அவர்கள் முன் வைப்பது நமக்குப் பெரும் சுமை அன்று. நம் தட்டு இன்னொருவருக்குப் புதிது என்பதை உணர்ந்து நடந்துகொள்ளும் நல்லுள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.